காத்திருக்கும் காலமும் கணக்கில் சேரும்

மாலை வேளையில் வண்டியூர்த் தெப்பக்குளத்தின் சுற்றுச்சுவர் மீது அமர்ந்திருக்கும் இளைஞர்களை நாம் அறிவோம். பட்டம் பெற்றவர் பலர். நேர்முகத் தேர்வுக்குப் போய் வெறுங்கையோடு திரும்பியவர் பலர். ஓராண்டு மூன்றாண்டாக நீளும்போது, "இத்தனை நாள் என்ன செய்துகொண்டிருந்தாய்?" என்று உறவினர் கேட்கின்றனர், வேலை தருவோரும் அதையே கேட்கின்றனர். இதற்கு என்ன விடை கூறுவது?

வேலையின்மை ஊதியத்தை மட்டும் பறிப்பதில்லை, காலத்தையும் பறித்துக்கொள்கிறது. ஆஸ்திரியாவில், வியன்னாவுக்கு அருகே மரியன்தால் என்றொரு ஆலைச் சிற்றூர். 1930-ஐ ஒட்டி அங்கிருந்த நெசவாலை மூடப்பட்டது. அவ்வூரை ஆராய்ந்த மாரி யகோடா முதலிய அறிஞர்கள் 1933-இல் தம் நூலை வெளியிட்டனர். ஓய்வு பெருகிய அவ்வூரில், நூலகத்திலிருந்து இரவல் பெற்ற நூல்கள் ஏறத்தாழப் பாதியாகக் குறைந்தன என்கிறது அந்நூல். ஆடவரின் நடையும் தளர்ந்தது. வீட்டு வேலை மிகுந்த பெண்களோ அவர்களைவிட விரைந்து நடந்தனர். கடமை உள்ள நாளே நாளாக நிற்கும் என்பது இதனால் விளங்குகிறது அன்றோ?

நம் நாட்டுச் சான்று ஒன்றும் உண்டு. கணித மேதை இராமானுசன் 1907-இல் எஃப்.ஏ. தேர்வில் மீண்டும் தோல்வியுற்றார். 1909-இல் திருமணமும் நடந்தது. நிலையான வேலையோ இல்லை. ஏறத்தாழ ஐந்தாண்டுகள் இவ்வாறே கழிந்தன. ஆயினும் பலகையில் கணக்கிட்டு, முடிவுகளைக் குறிப்பேட்டில் எழுதிவந்தார். எழுத்தர் வேலை கேட்டு 1910-இல் திருக்கோவிலூரில் வி. இராமசாமி ஐயரைக் கண்டபோது, அக்குறிப்பேடே அவருக்காகப் பேசியது. 1912 பிப்ரவரி 9 அன்று சென்னைத் துறைமுகக் கழகத்திற்கு விண்ணப்பம் எழுதினார். படிப்பு இடையில் நின்றதை அவர் மறைக்கவில்லை. அக்காலத்தைக் கணிதத்தில் செலவிட்டதையும் சுருக்கமாகக் குறிப்பிட்டார். மார்ச் 1 அன்று, மாதம் 30 ரூபாய் ஊதியத்தில் பணியில் அமர்ந்தார்.

எல்லோரும் இராமானுசன் ஆக இயலாது. ஆனால் குறிப்பேடு எல்லோருக்கும் இயலும். காலையில் குறித்த நேரத்தில் எழுந்து, ஒரு வேலையை மேற்கொள்க. தெருப் பிள்ளைகளுக்குப் பாடம் சொல்லித் தருவதோ, கடை ஒன்றின் கணக்கைக் கணினியில் எழுதுவதோ, தொழிற்கூடத்தில் பயிற்சி பெறுவதோ, எதுவாயினும் நன்றே. நாளும் தேதியிட்டு, செய்ததையும் கற்றதையும் இரண்டு வரியில் எழுதுக. மதுரைப் புது நத்தம் சாலையில் 2023 சூலை 15 அன்று திறக்கப்பட்ட கலைஞர் நூற்றாண்டு நூலகத்தைப் பயன்படுத்துக. வேலைவாய்ப்பு அலுவலகப் பதிவை மூன்றாண்டுக்கு ஒருமுறை தவறாது புதுப்பிக்க வேண்டும். அவ்வலுவலகங்களின் தன்னார்வப் பயிலும் வட்டங்களில் போட்டித் தேர்வுகளுக்கு இலவசப் பயிற்சியும் உண்டு. பின்னர் நேர்முகத் தேர்வில் அக்கேள்வி எழும்போது, பொய் புனையவும் வேண்டாம், தலை குனியவும் வேண்டாம். "இன்னது செய்தேன், இன்னது கற்றேன்" என்று சொன்னால் போதும்.

பெற்றோருக்கும் பெரியோருக்கும் ஒரு சொல். வேலை கிடைக்காதது எப்போதும் பிள்ளையின் குற்றமன்று. இராமானுசனின் குறிப்பேட்டைத் திறந்து பார்க்க ஓர் இராமசாமி ஐயர் வேண்டியிருந்தது. அவர் அறிமுகக் கடிதங்கள் தந்து அனுப்பினார். நெல்லூர் ஆட்சியர் இராமச்சந்திர ராவோ மாதம் 25 ரூபாய் தந்து சிலகாலம் தாங்கினார். நம் வீட்டில் காத்திருக்கும் பிள்ளையிடம், "வேலை கிடைத்ததா?" என்று நாள்தோறும் கேட்பதை விடுத்து, "இன்று என்ன எழுதினாய், காட்டு" என்று கேட்போம். நமக்குத் தெரிந்த ஒரு தொழிலகத்திற்கு, ஒரு கடைக்கு, நாமே அழைத்துச் சென்று அறிமுகம் செய்வோம். பணமின்றி நாம் செய்யக்கூடிய பேருதவி அதுவே.