200 ரூபாய் குட்டி காருக்காக ஐ.டி. ஊழியர்கள் அலைவது ஏன்? ஹாட் வீல்ஸ் பெரியவர்களைப் பிடித்த கதை

திருவனந்தபுரத்தில் ஏதாவது ஒரு பெரிய கடையின் பொம்மைப் பிரிவுக்கு வார இறுதியில் போய்ப் பாருங்கள். கழுத்தில் ஆபீஸ் அடையாள அட்டையோடு ஒருவர் ஹாட் வீல்ஸ் ஸ்டாண்டின் முன் குத்தவைத்து, முன்னால் இருக்கும் பாக்கெட்டுகளை நகர்த்தி, கடைசியில் தொங்குவதை எட்டிப் பார்த்துக்கொண்டிருப்பார். "பையனுக்கா சார்?" என்று கேட்டுவிடாதீர்கள். பெரும்பாலும் அவருக்கேதான்.

மேட்டல் நிறுவனம் 1968-ல் 16 கார்களுடன் ஹாட் வீல்ஸைத் தொடங்கியது. அப்போது பிரிட்டனின் மேட்ச்பாக்ஸ் கார்கள்தான் ராஜா. அவை ரோட்டில் ஓடும் நிஜ கார்களைப் போலவே அடக்கமாக இருக்கும். ஹாட் வீல்ஸ் அதைத் தலைகீழாக்கியது. மினுமினுக்கும் பெயிண்ட், உராய்வு குறைந்த சக்கரம், ஆரஞ்சு நிற டிராக். வாங்கியவர்கள் எல்லாம் சின்னப் பையன்கள்.

அந்தப் பையன்கள் வளர்ந்தார்கள். சம்பளம் வாங்க ஆரம்பித்தார்கள், தொலைத்த கார்களைத் தேட ஆரம்பித்தார்கள். 1987-ல் அமெரிக்காவின் ஒஹையோவில் சேகரிப்பாளர்கள் முதல் மாநாட்டைக் கூட்டினார்கள். அதைக் கூட்டியது ரசிகர்கள்தான், கம்பெனி அல்ல. மேட்டல் பின்னால்தான் வந்தது. ஆனால் வந்த பிறகு சும்மா இருக்கவில்லை.

1995-ல் 'டிரெஷர் ஹன்ட்' என்ற பெயரில் 12 கார்கள் வந்தன. ஒவ்வொன்றிலும் 10,000 மட்டுமே. இவற்றைத் தனிக் கடையிலோ தனி விலையிலோ விற்காமல், சாதாரண கார்களோடு கலந்து பெட்டிக்குள் போட்டு அனுப்பிவிட்டார்கள். முழு விஷயமும் இங்கேதான் இருக்கிறது. குழந்தைக்கு எந்த கார் கிடைத்தாலும் சந்தோஷம். அந்த ஒரு கார் கிடைக்கும் வரை வாரா வாரம் கடை ஏறி இறங்குவது பெரியவர்தான். லாட்டரிச் சீட்டு கிழிக்கிற அதே மனசு.

2007-ல் இன்னொரு படி மேலே போய் 'சூப்பர் டிரெஷர் ஹன்ட்' வந்தது. ரப்பர் டயர், பழைய பாணி ஸ்பெக்ட்ராஃபிளேம் பெயிண்ட். விலை மட்டும் அதே சாதாரண விலை. இப்போது வருபவற்றில் காருக்குப் பின்னால் அட்டையில் தங்க நிறத்தில் நெருப்பு வட்டக் குறி இருக்கும், வண்டியின் மேல் 'டி.எச்.' என்று பொறித்திருக்கும். சாதாரண டிரெஷர் ஹன்டில் அந்தக் குறி வெள்ளி நிறம். நம்ம ஊரில் 200 ரூபாய்க்குள் வாங்கிய சூப்பர் ஒன்று, மறுவிற்பனையில் சில ஆயிரங்களுக்குக் கைமாறும்.

அதோடு உறுப்பினர்களுக்கு மட்டும் விற்கும் 'ரெட் லைன் கிளப்', உலோக அடிப்பாகமும் ரப்பர் டயரும் கொண்ட பிரீமியம் வரிசைகள், யாரோ ஒருவர் தன் ஷெட்டில் மாற்றியமைத்த நிஜ காரையே பொம்மையாக்கும் 'லெஜண்ட்ஸ் டூர்' (2018 முதல்) என்று வரிசையாக வந்தன. கம்பெனியின் கணக்கு எளிமையானது. குழந்தை சில வருடங்களில் பொம்மையை விட்டுவிடும். பெரியவர் விடமாட்டார், ஒரே காரை நான்கு நிறத்திலும் வாங்குவார்.

இதில் இந்தியாவுக்கும் ஒரு பங்கு உண்டு. மேட்டலுடன் கூட்டு வைத்து 'லியோ' பெயரில் இங்கேயே தயாரான பழைய ஹாட் வீல்ஸ் கார்களை வெளிநாட்டு சேகரிப்பாளர்கள் தேடுகிறார்கள். காரணம், வேறெங்கும் வராத நிறங்கள். எம்.ஆர்.எஃப். குழுமத்தின் ஃபன்ஸ்கூல் இங்கே தயாரித்த ஜி.ஐ. ஜோ பொம்மைகளுக்கும் இதே கதைதான். உங்கள் வீட்டுப் பரணை ஒருமுறை பார்ப்பதில் தப்பில்லை.

சரி, இதில் யாருக்கு நஷ்டம்? முதலில் குழந்தைகளுக்கு. பெட்டி உடைந்ததுமே நல்ல கார்களை மறுவிற்பனைக்காரர்கள் அள்ளிவிட்டால், ஸ்டாண்டில் மிஞ்சுவது யாருக்கும் வேண்டாத வண்டிகள்தான். ஆப்களிலும் புது ஸ்டாக் நிமிடங்களில் காலி. அப்புறம் அதே கார் இன்ஸ்டாகிராமில் இரட்டை விலைக்கு வரும். டயரை மாற்றிப் போட்டு 'சூப்பர்' என்று விற்கிறவர்களும் உண்டு. "இது இன்வெஸ்ட்மென்ட் மச்சி" என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். விலை ஏறுவது விரல்விட்டு எண்ணக்கூடிய சில கார்களுக்குத்தான், மற்றவை அலமாரி அடைக்கும்.

வெளிநாட்டிலிருந்து வரவழைப்பவர்கள் இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். 2021 ஜனவரி 1 முதல் இந்தியாவில் விற்கும் பொம்மைகளுக்கு ஐ.எஸ்.ஐ. முத்திரை கட்டாயம். 14 வயதுக்கு உட்பட்ட குழந்தைகள் விளையாடுவதற்கானவை என்று கருதக்கூடிய எல்லாமே இந்த விதிக்குள் வரும், குழந்தைகளுக்கு மட்டுமேயானதாக இருக்க வேண்டும் என்றில்லை. அதனால் 'இது கலெக்டர்களுக்கான அயிட்டம்' என்று விற்பவர் சொல்வது மட்டும் போதாது. யாரோ ஒருவரிடம் முன்பணம் கட்டி பார்சலுக்காகக் காத்திருக்கிறீர்கள் என்றால், கஸ்டம்ஸில் மாட்டினால் பணத்தைத் திருப்பித் தருவாரா என்பதை அனுப்புவதற்கு முன்பே எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள்.