நாமக்கல் லாரிப் புகையும் வடதுருவப் பனியும்

நாமக்கல்லில் லாரிப் பட்டறைகளுக்கு நடுவே வளர்ந்தவன் நான். சைலன்சர் முனையைத் தொட்டால் விரலில் ஒட்டும் கரி, சோப்புப் போட்டாலும் லேசில் போகாது. டீசல் அரைகுறையாக எரிவதால் வரும் அந்தக் கரித்துகளை, வடதுருவத்திலிருந்து சுமார் 1,200 கி.மீ. தொலைவிலுள்ள நி-ஆலசுண்டில் நம் விஞ்ஞானிகளும் அளக்கிறார்கள். அங்கே 2008-இல் திறக்கப்பட்ட இந்திய ஆய்வு நிலையம் ‘ஹிமாத்ரி’.

புதுப்பனி தன்மேல் விழும் வெயிலில் பெரும்பகுதியைத் திருப்பி அனுப்பிவிடும். கரி படிந்தால் வெப்பத்தை உறிஞ்சிச் சீக்கிரம் உருகும். அங்கே சேரும் கரியில் பெரும்பங்கு வடக்கு நாடுகளுடையது; நம் லாரிகளை மட்டும் குறை சொல்வது நியாயமில்லை. ஆனால் கரியமில வாயு நூற்றாண்டுகள் காற்றில் நிற்கும். கரியோ மிஞ்சினால் இரண்டொரு வாரம்தான். குறைத்தால் பலன் சீக்கிரமே தெரியும்.

லாரி உரிமையாளர்களே, இன்ஜெக்டரையும் ஏர் ஃபில்டரையும் காலத்தோடு பாருங்கள். அந்தப் புகையை முதலில் சுவாசிப்பவர் உங்கள் டிரைவர்.