ஓர் இரவு மலரைச் சித்திரித்தல்

பினாங்கில், ஜார்ஜ்டவுன் நகரத்துப் பழைய கடைவீடுகளில் அஞ்சடி எனப்படும் முன்நடைபாதையைக் கடந்து உள்ளே சென்றால், நீண்டு இருண்ட வீட்டுக்கு வெளிச்சமும் காற்றும் வரும்பொருட்டுக் கூரையின்றி விடப்பட்ட சிறு முற்றங்களைக் காணலாம். அங்கே தொட்டியில் வளர்வதற்கு மிகவும் ஏற்றது, மலாய்க்காரர் பக்காவாலி என்றும், சீனர் கெங் ஹுவா என்றும், நம்மவர் நிஷாகந்தி என்றும், சிலர் இமயமலைச் செடியோடு மயங்கிப் பிரம்மகமலம் என்றும் வழங்கும் கள்ளி. தென் மெக்சிக்கோ முதலிய பிரதேசங்களின் காடுகளில் மரக்கிளைகளைப் பற்றி நிழலில் வாழும் ஜாதியாகையால், நேர்வெயில் படாத இடமே இதற்கு இசைவானது. இலைபோல் தட்டையாய்த் தோன்றுபவை உண்மையில் தண்டுகளே. அவற்றின் விளிம்புப் பள்ளங்களிலிருந்துதான் அரும்பு கிளம்புகிறது.

இதனை அறிய விரும்புவோர் வரைந்து பார்த்தல் வேண்டும் என்பது என் திடமான அபிப்பிராயம். ராபர்ட் வைட் என்னும் மருத்துவர் சென்னையில் 1838 முதல் 1853 வரை வெளியிட்ட 2,000-க்கும் மேற்பட்ட தாவரப் படங்களில் பலவற்றை எழுதிய ரங்கையா, கோவிந்து ஆகிய சித்திரக்காரர்கள் கைக்கொண்ட கலையில், அரும்பும் மலரும் காயும், வெவ்வேறு காலத்தனவாயினும், ஒரே தாளில் அருகருகே நிற்பதுண்டு.

கீழ்நோக்கித் தொங்கும் அரும்பு, மலரும் நாள் நெருங்குகையில் யானைத் துதிக்கைபோல் நுனியை உயர்த்துகிறது. இருட்டிய பின் செந்நிறம் படர்ந்த புறவிதழ்கள் விலகத் தொடங்கும். ஒரு கோட்டை முடிக்குமுன் இதழ் இடம்பெயர்ந்துவிடும். அக்கோட்டை அழிக்காமல், புதியதைப் பக்கத்திலே இடுங்கள்; மலர்ச்சியின் சரித்திரம் அக்கோடுகளிலேயே பதிந்துவிடும். நள்ளிரவையொட்டி வெண்மலர் முழுதும் விரிய, எண்ணற்ற கேசரங்களும், நட்சத்திரம்போல் பிரிந்த சூல்முடியும் தெரியும். அதன் தாய்நாட்டில் இந்த வெண்மையும் வாசனையும் நீண்ட உறிஞ்சுகுழலுடைய அந்துப்பூச்சிகளுக்கான அழைப்பு. அந்து பகலில் வருவதில்லை. அகன்ற இதழ்களை வெயிலில் விறைப்பாக வைத்திருக்கவோ மிகுந்த நீர் செலவாகும். ஆகவே விடியற்காலையில் மலர் துவண்டுவிடுகிறது. அநித்தியம் என்று நாம் வருந்துவது செடிக்குச் சிக்கனமேயாகும். அந்தத் துவண்ட மலரையும் அதே தாளில் எழுதுவதற்கு மனம் பழகவேண்டும். பலர் இங்கேதான் பென்சிலை வைத்துவிடுகிறார்கள்.

வளர்ப்பது எளிது. அண்டை வீட்டில் ஒரு தண்டுத்துண்டு கேட்டுவாங்கி, வெட்டுவாய் உலரச் சில நாள் வைத்து, நீர் தேங்காத மண்ணில் நடுங்கள். அரும்பு நுனி நிமிர்த்திய மாலையில் தாளும் பென்சிலும் கைவசம் இருக்கட்டும்.