பிள்ளைகள் ஆட்டத்தைப் படமெடுக்க எந்த கேமரா பாடி? – சில கணக்குகள்

என் பெண் ஒன்பதாவது படிக்கிறாள். பள்ளி கபடி அணியில் ரைடர். போன வருடம் முதல்முறையாக அவர்கள் அணி அரையிறுதி வரை போனபோது, வீட்டில் இருந்த பழைய டிஎஸ்எல்ஆரைத் தூக்கிக்கொண்டு நானும் போனேன். தொடக்கநிலை பாடி, அதோடு சேர்த்துக் கொடுத்த இரண்டு லென்ஸ். கல்யாணம், சுற்றுலா என்று எல்லாவற்றுக்கும் நன்றாகவே உழைத்த கேமராதான்.

ஆட்டம் ஓர் உள்ளரங்கில், சாயங்காலம். நானூறு சொச்சம் படம் எடுத்தேன். தேறியவற்றை ஒரு கை விரல்களுக்குள் எண்ணிவிடலாம். என் பெண் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. ஆனால் இடது கார்னரில் நிற்கும் அவள் தோழி வந்து, "அங்கிள், நான் கணுக்கால் பிடிச்சேனே, அது விழுந்திருக்கா? அப்பாவுக்கு அனுப்பணும்" என்று கேட்டாள். அவள் அப்பா லாரி ஓட்டுகிறவர், ஒரு மேட்ச்சுக்கும் வர முடிந்ததில்லை. அந்தப் பிடி விழுந்த படத்தைத் தேடினேன். இருந்தது. இரண்டு கருப்பு நிழல், நடுவில் ஒரு கோடு போல ஒரு கை. "இல்லம்மா, சரியா வரல" என்று சொல்லிவிட்டு வந்தேன்.

அன்று ராத்திரியே புது கேமரா தேட உட்கார்ந்தேன். நம்ம தொழில் புத்தி, எதையும் வாங்குவதற்கு முன்னால் ஏன் உடைந்தது என்று பார்க்கச் சொல்லும். அதனால் முதலில் அந்த நானூறு படத்தையும் திறந்து, காரணம் வாரியாகப் பிரித்தேன். கையும் காலும் அசைந்து கலங்கியதுதான் அதிகம். அடுத்தது ஃபோகஸ் பின்னாலிருக்கும் சுவரில் போய் உட்கார்ந்தது. மூன்றாவது, ஒரு படம் வெளிச்சமாகவும் அடுத்த படம் இருட்டாகவும் இருந்தது. நான்காவது, பிடி விழும் நேரத்தில் கேமரா அடுத்த படத்துக்குத் தயாராகவே இல்லை. இந்த நான்குக்கும் நான்கு வேறு காரணங்கள். அதில் முதலாவதற்கும் பாடிக்கும் அதிக சம்பந்தமில்லை என்று தெரிந்ததுதான் எனக்கு ஆச்சரியம். வாங்க, ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.

முதல் கணக்கு: வெளிச்சம்

ஓடுகிற பிள்ளையின் வேகம் வினாடிக்கு 5 மீட்டர் என்று வைத்துக்கொள்வோம். ஷட்டர் 1/250 வினாடி திறந்திருந்தால் அதற்குள் அவள் 2 சென்டிமீட்டர் நகர்ந்துவிடுவாள். 1/1000 என்றால் அரை சென்டிமீட்டர். வீசுகிற கை, உதைக்கிற கால் எல்லாம் உடம்பைவிட வேகம். அதனால் விளையாட்டுக்கு 1/1000-ஐ ஆரம்பப் புள்ளியாக வைத்துக்கொள்ளலாம்.

இப்போது அரங்கம். நல்ல வகுப்பறை வெளிச்சம் என்பது சுமார் 300 லக்ஸ். அந்த வெளிச்சத்தில் 1/1000 வைத்து எடுக்க என்ன ஐஎஸ்ஓ வேண்டும் என்று கணக்குப் போட்டால் இப்படி வருகிறது:

எஃப்/5.6 லென்ஸ் – ஐஎஸ்ஓ 25,600
எஃப்/2.8 லென்ஸ் – ஐஎஸ்ஓ 6,400
எஃப்/1.8 லென்ஸ் – ஐஎஸ்ஓ 2,500 அளவில்

கேமராவோடு சேர்த்துக் கொடுக்கும் 55-250 மாதிரி லென்ஸ்கள், முழுக்க ஜூம் செய்தால் எஃப்/5.6-க்கு வந்துவிடும். அதே இடத்தில் ஒரு 50 மி.மீ. எஃப்/1.8 லென்ஸ் கிட்டத்தட்ட 10 மடங்கு வெளிச்சத்தை உள்ளே விடும். ஏபிஎஸ்-சி சென்சாரை விட்டு ஃபுல் ஃப்ரேமுக்குப் போனால் சென்சாரின் பரப்பு சுமார் இரண்டே கால் முதல் இரண்டரை மடங்குதான் கூடும். அதாவது பாடி மாற்றிக் கிடைப்பதைவிட லென்ஸ் மாற்றிக் கிடைப்பது பல மடங்கு அதிகம், செலவோ மிகக் குறைவு.

இது புதுக் கண்டுபிடிப்பும் இல்லை. 1878-ல் கலிஃபோர்னியாவின் பாலோ ஆல்டோவில் எட்வேர்டு மைபிரிட்ஜ், ஓடும் குதிரையை 12 கேமராக்களை வரிசையாக வைத்துப் படமெடுத்தார். அவரும் கேமராவை மட்டும் நம்பவில்லை. நல்ல வெயிலில், பின்னால் வெள்ளைத் திரை கட்டி, தரையில் சுண்ணாம்புத் தூள் பரப்பி, கிடைக்கிற வெளிச்சத்தை எல்லாம் லென்ஸுக்குள் திருப்பிவிட்ட பிறகுதான் ஷட்டரைத் தொட்டார்.

சரி, 50 மி.மீ. போதுமா? அதற்குத் தூரம் தெரிய வேண்டும். பெண்கள், ஜூனியர் பெண்கள் கபடிக் களம் 12 × 8 மீட்டர். ஓரத்தில் உட்கார்ந்தால் ஆட்டம் நம்மிடமிருந்து மூன்று முதல் பத்து மீட்டருக்குள் நடக்கிறது. ஏபிஎஸ்-சி பாடியில் 50 மி.மீ. லென்ஸ் போட்டால், 6 மீட்டர் தூரத்தில் சுமார் 2.7 மீட்டர் அகலம் சட்டத்துக்குள் வரும். ஒரு ரைடர், அவளைச் சுற்றி இரண்டு மூன்று பேர். இதைவிட என்ன வேண்டும்?

உங்கள் பிள்ளை ஆடுவது கால்பந்து என்றால் கதை வேறு. மைதானம் 100 மீட்டர் நீளம், 50 மி.மீ. லென்ஸில் பிள்ளை எறும்பு மாதிரிதான் தெரியும். ஆனால் அங்கே வெயில் இருக்கிறது. நல்ல வெயிலில் எஃப்/5.6, ஐஎஸ்ஓ 200 வைத்தாலே 1/1600 கிடைத்துவிடும். கையில் இருக்கும் 55-250 லென்ஸே போதும். பொழுது சாயும்போதுதான் பிரச்சினை ஆரம்பிக்கும்.

நான் முதலில் வாங்கியது பாடி அல்ல, 50 மி.மீ. எஃப்/1.8 லென்ஸ்தான். அடுத்த மேட்ச்சில் கலங்கல் பெரும்பாலும் போய்விட்டது. மற்ற மூன்று பிரச்சினைகளும் அப்படியே இருந்தன. அவைதான் பாடியின் வேலை.

இரண்டாவது: ஃபோகஸ் துரத்துவது

டிஎஸ்எல்ஆரில் ஃபோகஸ் பார்க்கும் சென்சார் தனியாகக் கீழே இருக்கிறது. கண்ணாடி இறங்கியிருக்கும்போதுதான் அதற்கு வெளிச்சம் போகும். படம் எடுக்கக் கண்ணாடி மேலே போனதும் அது குருடு. அதனால் ஆள் அடுத்து எங்கே இருப்பாள் என்று முந்தைய அளவுகளை வைத்து ஊகிக்கிறது. ஊகம் சரியாக இருக்க இரண்டு வேண்டும்: அளவெடுக்கும் புள்ளிகள் நிறைய இருக்க வேண்டும், கணக்குப் போடும் சிப் வேகமாக இருக்க வேண்டும். தொடக்கநிலை பாடிகளில் 9 அல்லது 11 புள்ளிகள் இருக்கும். கேனான் 7டி மார்க் 2-ல் (2014) 65 புள்ளிகள், எல்லாமே குறுக்குவகை. நிக்கான் டி500-ல் (2016) 153. இரண்டும் வினாடிக்கு 10 படம் எடுக்கும்.

மிரர்லெஸ் கேமராவில் படம் பிடிக்கும் சென்சாரே ஃபோகஸும் பார்க்கிறது. சட்டம் முழுக்க எங்கே வேண்டுமானாலும் துரத்தும். முகத்தை, கண்ணை அடையாளம் கண்டு பிடித்துக்கொள்ளும். தனியாக ஓடிவரும் பிள்ளைக்கு இது வரம். ஆனால் கபடியில் ஏழு பேர் ஒருத்தியை அமுக்கும்போது எந்த முகம் என்று கேமராவுக்கு எப்படித் தெரியும்? அந்த மாதிரி நேரத்தில் முகம் கண்டுபிடிப்பதை அணைத்துவிட்டு, நடுவில் ஒரு சிறு வட்டத்தை மட்டும் வைத்து நாமே குறி பார்ப்பது நல்லது. அதனால் வாங்கும்போது, இந்த வசதியை ஒரு பட்டனில் சட்டென்று மாற்ற முடிகிறதா என்று பாருங்கள்.

மூன்றாவது: விளக்கு துடிப்பது

என்னை அதிகம் குழப்பியது இதுதான். ஒரே அளவு வைத்து எடுத்த படங்கள் ஏன் ஒன்று வெளிச்சம், ஒன்று இருட்டு?

நம்ம ஊர் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ். மலிவான எல்ஈடி விளக்கும், பழைய சோக் வைத்த ட்யூப்லைட்டும் வினாடிக்கு 100 முறை ஏறி இறங்குகின்றன. ஒரு துடிப்புக்கு 10 மில்லிசெகண்ட். நம் கண்ணுக்குத் தெரியாது. ஆனால் 1/1000 என்பது 1 மில்லிசெகண்ட். அந்தத் துடிப்பின் பத்தில் ஒரு பங்கை மட்டும் கேமரா கிள்ளி எடுக்கிறது. உச்சியில் கிள்ளினால் வெளிச்சம், பள்ளத்தில் கிள்ளினால் இருட்டு.

மெக்கானிக்கல் ஷட்டரின் திரை சட்டத்தைக் கடக்க நாலைந்து மில்லிசெகண்ட் ஆகும். அதனால் ஒரே படத்திலேயே மேல்பாதி வெளிச்சமும் கீழ்பாதி மங்கலுமாக வரலாம். எலக்ட்ரானிக் ஷட்டர் என்றால் நிலைமை இன்னும் மோசம். சாதாரண சென்சார், வரி வரியாக முழுப் படத்தையும் படித்து முடிக்க 30 மில்லிசெகண்ட் எடுத்துக்கொள்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். அதற்குள் மூன்று துடிப்பு. படத்தில் மூன்று பட்டை. அதோடு, படித்து முடிப்பதற்குள் கை நகர்ந்துவிடுவதால் கை வளைந்தும் தெரியும்.

இதற்கு மருந்து 'ஆன்டி-ஃப்ளிக்கர்' என்ற வசதி. விளக்கின் துடிப்பை அளந்து, உச்சிக்கு வரும்வரை ஓரிரு மில்லிசெகண்ட் காத்திருந்து கேமரா சுடும். மேலே சொன்ன 7டி மார்க் 2, டி500 இரண்டிலும் இருக்கிறது. கேனான் ஆர்7, ஆர்10 (2022) மிரர்லெஸ்களிலும் இருக்கிறது. இந்த இரண்டும் எலக்ட்ரானிக் ஷட்டரில் இன்னும் வேகமாகச் சுடும் என்று விளம்பரத்தில் போட்டிருக்கும். உள்ளரங்கில் அந்த எண்ணை மறந்துவிட்டு, மெக்கானிக்கல் ஷட்டரின் வினாடிக்கு 15 படத்தை மட்டும் கணக்கில் எடுங்கள். நிக்கான் இசட்9 (2021) போன்ற ஸ்டாக்டு சென்சார் கேமராக்கள் சுமார் 4 மில்லிசெகண்டில் படித்து முடித்துவிடும், மெக்கானிக்கல் ஷட்டரே வேண்டாம். சோனி ஏ9 மார்க் 3 (2023) எல்லா வரியையும் ஒரே நேரத்தில் படிக்கிறது. ஆனால் அந்த விலைக்கு நம்ம ஊரில் ஒரு நல்ல பைக்கே வாங்கிவிடலாம்.

உங்கள் அரங்கில் விளக்கு துடிக்கிறதா என்று தெரிந்துகொள்ளச் செலவில்லாத வழி ஒன்று உண்டு. போனில் ஸ்லோ மோஷன் வீடியோ எடுத்துப் பாருங்கள். விளக்கு மினுக்கினால் ஆன்டி-ஃப்ளிக்கர் இல்லாத பாடியை வாங்காதீர்கள். மினுக்காவிட்டால் அந்தக் காசு மிச்சம்.

நான்காவது: வரிசையில் நிற்கும் படங்கள்

மென்பொருள்காரர்களுக்கு இது பழகிய விஷயம். ஒரு பக்கம் உற்பத்தி, மறுபக்கம் நுகர்வு, நடுவில் ஒரு க்யூ. ரா படம் ஒன்று 25 எம்பி, வினாடிக்கு 10 படம் என்றால் 250 எம்பி உள்ளே வருகிறது. மெமரி கார்டு வினாடிக்கு 80 எம்பிதான் எழுதும் என்றால், 170 எம்பி தேங்கும். கேமராவுக்குள் 1 ஜிபி இடமிருந்தாலும் ஆறு வினாடியில் நிரம்பி, அதன்பின் கேமரா திக்கித் திணறும். 7டி மார்க் 2 தொடர்ந்து 31 ரா படம் வரை தாங்கும். டி500, எக்ஸ்க்யூடி கார்டு போட்டால் 200 வரை.

ஆனால் நமக்கு 200 வேண்டுமா? கபடியில் ஒரு ரைடு 30 வினாடி. அதில் பிடி விழுவது கடைசி ஒன்றிரண்டு வினாடியில். எதிரணியின் கார்னர் ஆட்டக்காரர் இடுப்பைத் தாழ்த்தும்போது அழுத்த ஆரம்பித்து, ரைடர் விழுந்ததும் விட்டுவிட்டால் 15 படம் போதும். ஆட்டம் தெரிந்த அப்பாவுக்குச் சின்ன பஃபரே போதும். ஜேபெக்கில் எடுத்தால் இன்னும் தாராளம்.

நான் எடுத்த முடிவு

வாங்குவதற்கு முன்னால் வாடகைக்கு ஒரு நாள் எடுத்து, அதே அரங்கில், பயிற்சி ஆட்டத்தில் பார்த்தேன். கடையில் வெளிச்சமாக நிற்கும் பொம்மையைப் படமெடுத்துப் பார்த்து ஒன்றும் தெரியாது. கடைசியில் வாங்கியது பழைய 7டி மார்க் 2. அந்த 50 மி.மீ. லென்ஸ் அதில் அப்படியே பொருந்தியது ஒரு காரணம். ஆன்டி-ஃப்ளிக்கர் இன்னொரு காரணம். பழையது வாங்குவோர் ஷட்டர் எத்தனை முறை அடித்திருக்கிறது என்று கேளுங்கள். இந்த பாடியும் டி500-ம் 2 லட்சம் முறை தாங்கும் என்று சோதித்தவை. அதில் பாதிக்குள் இருந்தால் யோசிக்கலாம். புதிதாக மிரர்லெஸ் வாங்கப் பணம் இருந்தால் தாராளமாக வாங்குங்கள். ஆனால் பட்ஜெட்டில் முதலில் லென்ஸுக்கு எடுத்து வைத்துவிட்டு, மீதியில் பாடி பாருங்கள். நான் பார்த்தவரை பலரும் தலைகீழாகத்தான் செய்கிறார்கள்.

இன்னொன்றும் சொல்லியாக வேண்டும். களத்தில் இருப்பவர்கள் எல்லாரும் அடுத்தவர் வீட்டுப் பிள்ளைகள். பயிற்சியாளரிடம் கேட்டுவிட்டுத்தான் எடுக்கிறேன். யார் படத்தையும் பொதுவில் போடுவதில்லை. அந்தந்த வீட்டுக்கு மட்டும் அனுப்புகிறேன். இந்தக் கட்டுரையில் படம் இல்லாததற்கும் அதுதான் காரணம்.

இந்த வருடம் ஜனவரியில் ஒரு மேட்ச். இடது கார்னர் பெண் ரைடரின் கணுக்காலை இரண்டு கையாலும் பிடித்து, முகம் மேட்டில் தேய, பல்லைக் கடித்துக்கொண்டு தொங்குகிறாள். ஐஎஸ்ஓ 3200, கொஞ்சம் புள்ளி புள்ளியாகத்தான் இருக்கிறது. அன்று ராத்திரியே அவள் அம்மா நம்பருக்கு அனுப்பினேன். மறுநாள் பள்ளி வாசலில் அவள் சொன்னாள்: "அப்பா லாரியை ஓரம் கட்டிட்டுப் பார்த்தாராம் அங்கிள். யாரு எடுத்ததுன்னு கேட்டாரு."