சபுராளி வீட்டுப் பெட்டியும் வங்கிக் காகிதங்களும்

கிழக்குத் தாம்பரத்தில் இத்தாவில் இருக்கும் சகோதரி ஒருவர், தம் தம்பியிடம் ஒரு துணிப்பையைக் கொடுத்து என்னிடம் அனுப்பியிருந்தார். அதிலுள்ள அரபுக் காகிதங்களைப் படித்துச் சொல்ல வேண்டும் என்பதே கோரிக்கை. அவருடைய கணவர் 18 ஆண்டுகள் ரியாதில் உழைத்து, பணியிலிருக்கும்போதே மௌத்தானவர். அரபைப் படித்துச் சொல்லக் கால் மணி நேரம் போதுமானதாயிருந்தது. மற்றக் காகிதங்கள்தாம் எங்களைப் பல மாதங்கள் அலையவிட்டன.

சவூதி தொழிலாளர் சட்டப்படி முதல் 5 ஆண்டுகளுக்கு ஆண்டுதோறும் அரை மாதச் சம்பளமும், அதன் பின் ஆண்டுதோறும் ஒரு மாதச் சம்பளமும் பணிக்கொடையாகச் சேரும். கடைசிச் சம்பளமே கணக்கிற்கு அடிப்படை. அவ்வாறாயின் 18 ஆண்டுகளுக்குப் பதினைந்தரை மாதச் சம்பளம் வர வேண்டும். அந்தக் கடைசிச் சம்பளம் எவ்வளவு? மனைவிக்குத் தெரியாது. சம்பளம் வரவான வங்கியின் கணக்கறிக்கை ஒன்றேனும் வீட்டில் இருந்திருந்தால் அந்தக் கேள்விக்கு இடமே இராது.

இத்தகைய தொகைகள் பெரும்பாலும் இந்தியத் தூதரகத்தின் வழியாக மாவட்ட ஆட்சியருக்கு வந்து, வட்டாட்சியர் தரும் வாரிசுச் சான்றிதழின் பேரில் வாரிசுகளின் வங்கிக் கணக்குகளில் சேர்கின்றன. இங்கேதான் இடறல் தொடங்கியது. 'காதர்' என்னும் ஒரே பெயர் பாஸ்போர்ட்டில் 'க்யூ' எழுத்தோடும் பாஸ்புக்கில் 'கே' எழுத்தோடும் இருந்தது. பழைய காகிதங்களில் காஞ்சிபுரம் மாவட்டம். 2019 நவம்பரில் செங்கல்பட்டு தனி மாவட்டமானதால் புதியவற்றில் அந்தப் பெயர். பாஸ்புக்கின் அட்டையிலுள்ள வங்கியோ 2020 ஏப்ரல் 1ஆம் நாள் வேறொரு வங்கியோடு இணைந்துவிட்டது. கிளையின் குறியீட்டு எண்ணும் மாறிவிட்டது. பழைய பாஸ்புக்கைப் பழைய தாள் வியாபாரிக்குப் போட்டுவிடாமல் வைத்திருந்தாரே, அதற்காக அல்லாஹ்வுக்கு நன்றி சொன்னோம். இரண்டு கணக்கும் ஒருவருடையதே என்பதற்கு அதுவே சாட்சியாயிற்று.

இன்னொன்று. அந்தச் சகோதரிக்குத் தம் பெயரில் கணக்கே இல்லை. கணவரின் ஏ.டி.எம். அட்டையைக் கொண்டே 18 ஆண்டுகளும் குடும்பம் நடந்தது. புதுக் கணக்குத் தொடங்குவதற்காக இத்தாக் காலத்தில் எப்படி வெளியே செல்வது என்று கலங்கினார். இன்றியமையாத தேவைக்காகப் பகலில் சென்று திரும்ப மார்க்கச் சட்டத்தில் இடமுண்டு என்று எடுத்துச் சொன்னேன். ஆனால், கணவர் உயிரோடிருந்தபோதே அரை நாளில் முடிந்திருக்க வேண்டிய வேலையல்லவா அது?

அந்தக் கணக்கு அவர் திருமணத்திற்கு முன் தொடங்கியது. நாமினியாகத் தாயாரின் பெயர் இருந்தது; பிறகு எவரும் அதை நினைக்கவில்லை. நாமினி என்பவர் பணத்தை வங்கியிடமிருந்து பெற்றுக்கொள்பவரே தவிர உரிமையாளர் அல்லர். அடக்கச் செலவு, கடன், கொடுக்கப்படாத மஹர், பின் வஸிய்யத், எஞ்சியதே வாரிசுகளுக்கு. பிள்ளைகள் இருப்பதால் மனைவிக்கு எட்டில் ஒன்று, தாயாருக்கு ஆறில் ஒன்று. 2025 நவம்பர் 1 முதல் ஒரு வைப்புக் கணக்கிற்கு நால்வர் வரை, பங்கு விகிதத்தோடு நாமினியாகக் குறிக்கலாம். இதை நம்மவர் அறிந்ததாகத் தெரியவில்லை. திருக்குர்ஆனின் மிக நீண்ட வசனமே (2:282) கடனை எழுதி வைப்பதைப் பற்றியதாயிருக்க, எழுதுவதில் நமக்கு ஏனோ இத்தனை அலட்சியம்!

உண்டியலில் பணம் அனுப்புவோரைப் பற்றியும் சொல்லியாக வேண்டும். அது சட்டவிரோதம் என்பது ஒருபுறமிருக்க, துண்டுச் சீட்டுக்கூட மிஞ்சாது. சேலையூரிலோ சிட்லபாக்கத்திலோ வாங்கிய வீட்டிற்குப் பணம் எங்கிருந்து வந்தது என்று நாளை ஒருவர் கேட்டால், வங்கி வழியாக அனுப்பிய ரசீதுதான் பேசும்.

குடிபெயர்வு அனுமதி பெற்றுச் செல்வோருக்கு 'பிரவாசி பாரதிய பீமா யோஜனா' என்னும் காப்பீடு உண்டு. 2 ஆண்டுகளுக்கு 275 ரூபாய், 3 ஆண்டுகளுக்கு 375 ரூபாய். விபத்தில் இறந்தாலோ நிரந்தர ஊனமுற்றாலோ 10 லட்சம். பத்தாம் வகுப்புத் தேறியவர்களுக்கு அந்த அனுமதி தேவையில்லை. ஆதலால் அவர்களுள் பலர் இதைக் கேள்விப்பட்டதே இல்லை. எடுத்தவர்களும் காலம் முடிந்ததும் புதுப்பிக்க மறந்துவிடுகின்றனர். தமிழக அரசின் அயலகத் தமிழர் நல வாரியத்திலும் உறுப்பினராகப் பதிந்து அடையாள அட்டையும் காப்பீடும் பெறலாம். பாலிசித் தாளின் நகல் ஊரிலுள்ள வீட்டில் இருக்க வேண்டும். ரியாதில் பூட்டிய அறையில் இருந்து பயனில்லை.

அந்தச் சகோதரிக்கு வாரிசுச் சான்றிதழ் கிடைத்துவிட்டது, கணக்கும் தொடங்கியாயிற்று. பணிக்கொடை இன்னும் வரவில்லை. காப்பீட்டை அவர் கடைசியாக எப்போது புதுப்பித்தார் என்பதற்கு அந்தத் துணிப்பையில் ஒரு தாளும் இல்லை. தம்பி அடுத்த மாதம் தோஹா செல்கிறார், இன்ஷா அல்லாஹ். சென்ற வெள்ளிக்கிழமை ஜும்ஆவுக்குப் பின் தம் பாஸ்போர்ட், பாலிசி, பாஸ்புக் ஆகியவற்றின் நகல்களை என்னிடம் காட்டி, பெயரின் எழுத்துகள் ஒத்திருக்கின்றனவா என்று பார்க்கச் சொன்னார். ஓர் எழுத்து ஒத்திருக்கவில்லை. திங்கட்கிழமை வங்கிக்குச் சென்றிருக்கிறார்.