மழைக்கு உப்பாத கிதார்

மழைக்காலத்தில் மரக்கதவு நிலையோடு இறுகிக்கொள்ளும். தோளால் இடித்துத்தான் திறக்க வேண்டியிருக்கும். வெயில் வந்ததும் தானாகத் தளர்ந்துவிடும். கதவுக்கு நேர்வது கிதாருக்கும் நேர்கிறது. ஈரத்தை உறிஞ்சிய மேற்பலகை உப்பும்போது, அதன்மேல் ஊன்றிய தந்திகளும் உயர்ந்துவிடும். அரை மில்லிமீட்டர் உயர்ந்தாலே விரல்நுனி உணரும்; அழுத்திப் பிடிப்பது கடினமாகிவிடும். காற்று வறண்டாலோ பலகை தாழும், தந்தி ஃப்ரெட் கம்பிகளில் உரசி இரையும்.

ஹவாயின் மாவி தீவில் வசித்த ஜான் டெக்கர், இந்தத் தொல்லையைத் தீர்க்க மரத்தையே கைவிட்டு, கார்பன் இழையால் கிதார் செய்தார். தன் நிறுவனத்துக்கு 'ரெயின்சாங்' என்று பெயர் வைத்தார். மழைப்பாட்டு!

தலைமுடியில் ஏறக்குறைய பத்தில் ஒரு பங்கே தடிமன் உள்ள கார்பன் இழைகளை எபாக்ஸி பிசினில் தோய்த்து, அச்சில் அழுத்தி இறுகவைத்தால் கிதாரின் உடல் கிடைக்கிறது. அது ஈரத்தில் உப்புவதில்லை, வெயிலில் வெடிப்பதில்லை. தந்தியின் உயரம் ஒருமுறை சரியாக அமைந்தால் பருவம் மாறினாலும் அப்படியே நிற்கும்.

மரத்துக்கு நேரெதிரான பொருள் இது என்று தோன்றலாம். ஆனால் மரமும் செல்லுலோஸ் இழைகளை லிக்னின் என்ற இயற்கைப் பசை பிணைத்து உருவானதுதான். கிதாரின் மேற்பலகைக்குப் பேர்போன ஸ்ப்ரூஸ் மரம், இழையோட்டத்தின் திசையில் விறைப்பாகவும் குறுக்கே நெகிழ்வாகவும் இருக்கும். கார்பன் இழைகளை அடுக்கும் திசையை மாற்றி மாற்றி இதே குணத்தைக் கொண்டுவர முடியும்.

ஆனாலும் ஸ்ப்ரூஸை வெல்வது எளிதல்ல. கார்பன் பலகை அதைப்போல ஏறத்தாழ நான்கு மடங்கு அடர்த்தியானது. எடையைக் குறைக்க மெல்லியதாக்க வேண்டும். ஒரு பலகையின் தடிமனைப் பாதியாக்கினால் அதன் விறைப்போ எட்டில் ஒரு பங்காகிவிடும். ஹெலிகாப்டர் தயாரிப்பாளரான சார்லஸ் காமனின் ஓவேஷன் நிறுவனம் 1976இல் கொண்டுவந்த 'அடாமஸ்' கிதார் இதற்கு ஒரு வழி காட்டியது. மெல்லிய பிர்ச் மரத் தகட்டை நடுவில் வைத்து, இருபுறமும் கார்பன் ஏடுகளை ஒட்டினார்கள். எடை அதிகம் கூடாமல் தடிமன் கிடைத்தது.

நாதத்திலும் வேறுபாடு உண்டு. மரம் உச்ச ஒலிகளை விரைவாக விழுங்கிவிடும். நாம் இதமான குரல் என்று சொல்வதில் அதற்கும் பங்குண்டு. கார்பன் அவ்வளவாக விழுங்காது. மீட்டிய ஒலி தெளிவாக எழுந்து நெடுநேரம் நிற்கும். மரக்கிதாருக்குப் பழகிய காதுக்கு அது முதலில் சற்றுக் கூர்மையாகப் படலாம்.

ஒன்றை மட்டும் கார்பனால் மாற்ற முடியாது. தந்தி எஃகுதான்; வெயிலில் நீளும், சுருதி இறங்கும். எந்தக் கிதாராக இருந்தாலும் வாசிக்க உட்காரும்முன் முறுக்காணியைத் திருகித்தான் ஆக வேண்டும்.