அப்பாவோட பழைய பைக்கை வீட்டிலேயே ரெடி பண்றீங்களா? ஸ்பேனருக்கு முன்னாடி ஆர்.சி.யை எடுங்க!

எஞ்சின் ஸ்டார்ட் ஆவது பாதி வேலைதான். பேப்பர் சரியில்லை என்றால், மாதக்கணக்கில் உழைத்து ரெடி செய்த வண்டி ரோட்டுக்கே வர முடியாது. பழைய வண்டியில் கை வைக்கும் முன் தெரிந்துகொள்ள வேண்டியவை இதோ.

ஞாயிற்றுக்கிழமை காலையில் ஷெட்டில் ஒரு சாக்கை விரித்து, அதன்மேல் பழைய ஆர்.எக்ஸ். 100-ன் கார்புரேட்டரைப் பிரித்து வைத்து உட்கார்ந்திருக்கும் இளைஞர்களை சேலம், நாமக்கல் பக்கம் பார்க்கலாம். வாரம் முழுக்க வேறு வேலை, லீவு நாளில் இதுதான் வேலை.

இந்தப் பக்கம் ஏன் இது சுலபம்?

நாமக்கல் என்றால் லாரி பாடி கட்டும் பட்டறைகள். திருச்செங்கோடு என்றால் போர் போடும் ரிக் வண்டிகள். சங்ககிரி என்றால் லாரி. இந்தத் தொழில்களை நம்பியே லேத், வெல்டிங், பெயின்டிங் என்று எல்லா வேலைக்கும் இங்கே ஆள் உண்டு. கடையில் கிடைக்காத ஒரு புஷ்ஷைக்கூட அளவு கொடுத்துக் கடைந்து வாங்கிவிடலாம். அதனால் வண்டியை ஓட வைப்பது இங்கே பெரிய சிக்கல் இல்லை. சிக்கல் வருவது ஆர்.டி.ஓ. அலுவலகத்தில்தான்.

ஆர்.சி. உயிரோடு இருக்கிறதா?

சொந்த உபயோக வண்டிக்கு ஆர்.சி. 15 ஆண்டுகள் செல்லும். அதன்பிறகு 5 ஆண்டுக்கு ஒருமுறை வண்டியைக் காட்டி புதுப்பிக்க வேண்டும். ஆர்.எக்ஸ். 100 இந்தியாவில் 1985 முதல் 1996 வரை தயாரான வண்டி. கடைசியாக 1996-ல் பதிவான வண்டிக்கே 2011-ல் முதல் கெடு முடிந்துவிட்டது. அதன்பின் 2016, 2021, 2026 என்று புதுப்பித்துக்கொண்டே வர வேண்டும்.

செலவு எவ்வளவு? 2022 ஏப்ரல் முதல் பைக்குக்குப் புதுப்பிப்புக் கட்டணம் 1,000 ரூபாய். 2025 ஆகஸ்டில் வந்த திருத்தப்படி, 20 ஆண்டு தாண்டிய பைக்குக்கு 2,000 ரூபாய், காருக்கு 10,000 ரூபாய். மத்திய விதிப்படி பைக்குக்குத் தாமதக் கட்டணம் மாதம் 300 ரூபாய். ஒரு வருஷம் விட்டால் அதுவே 3,600 ரூபாய். பசுமை வரியும் இன்சூரன்ஸும் தனி.

கெடு முடிவதற்கு 60 நாட்களுக்கு முன்பிருந்தே படிவம் 25 மூலம் விண்ணப்பிக்கலாம். வண்டியை வேறு ஒருவரிடம் வாங்குகிறீர்கள் என்றால், விற்பவரின் கையெழுத்தோடு படிவம் 29, 30 முதலில் கைக்கு வரட்டும். "ஆர்.சி. அப்புறம் தர்றேன்" என்று சொன்னால் அந்த வண்டியை விட்டுவிடுவதே நல்லது.

பெயின்ட் அடிக்கும்போது நடக்கும் தவறு

பழைய ஃபிரேமைத் துருநீக்கி, மணல் பிளாஸ்ட் செய்து, பவுடர் கோட்டிங் கொடுப்பது வழக்கம். இதில் சேஸ் எண் தேய்ந்தோ, பெயின்ட்டில் மூடியோ போய்விடலாம். ஆய்வின்போது அதிகாரி முதலில் பார்ப்பதே அந்த எண்ணைத்தான். எண் தெரியாவிட்டால் திருட்டு வண்டியோ என்ற சந்தேகம் வரும். வேலை தொடங்கும் முன் சேஸ் எண், எஞ்சின் எண் இரண்டையும் போட்டோ எடுத்து, பென்சிலால் தாளில் தேய்த்தும் வைத்துக்கொள்ளுங்கள். அந்த இடத்தை டேப் ஒட்டி மறைத்த பிறகே பிளாஸ்டுக்கு அனுப்புங்கள்.

எதை மாற்றலாம், எதை மாற்றக் கூடாது?

தேய்ந்த பிஸ்டன், கிளட்ச், செயின், பிரேக் ஷூ மாற்றுவது ரிப்பேர். அதில் பிரச்னை இல்லை. ஆனால் ஆர்.சி.யில் 98 சிசி என்று இருக்க, பிக்கப் வேண்டும் என்று ஆர்.எக்ஸ். 135 பிளாக்கை மாட்டினால் விவரம் பொருந்தாது. மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-வது பிரிவு இதைத் தடுக்கிறது. தயாரிப்பாளர் கொடுத்த அடிப்படை அமைப்பை மாற்றக் கூடாது என்று உச்ச நீதிமன்றமும் 2019 ஜனவரியில் கூறியது. மீறினால் ஒவ்வொரு மாற்றத்துக்கும் 5,000 ரூபாய் அபராதம், அல்லது 6 மாதம் வரை சிறை, அல்லது இரண்டுமே.

வேறு எஞ்சின் பொருத்துவதற்கு ஆர்.டி.ஓ. அனுமதி வாங்கி, புது எண்ணை ஆர்.சி.யில் ஏற்ற வேண்டும். நிறம் மாற்றினாலும் ஆர்.சி.யில் பதிய வேண்டும்.

வின்டேஜ் என்று பதியலாமா?

2021 ஜூலையில் வந்த விதிப்படி, முதல் பதிவிலிருந்து 50 ஆண்டு தாண்டி, அசல் வடிவம் மாறாத வண்டிக்குத்தான் அந்த வாய்ப்பு. கட்டணம் 20,000 ரூபாய், 10 ஆண்டு செல்லும், நம்பர் பிளேட்டில் 'வி.ஏ.' என்ற எழுத்துகள் வரும். 1960-களின் ஜாவா, புல்லட்டுக்கு இது பொருந்தும். 1985-ல் வந்த ஆர்.எக்ஸ். 100-க்கே 2035 வரை காத்திருக்க வேண்டும். இன்னொரு விஷயம்: வின்டேஜ் வண்டியைக் கண்காட்சி, பேரணி போன்றவற்றுக்குத்தான் எடுக்கலாம். தினமும் ஆபீஸுக்கு ஓட்ட முடியாது.

ஷெட்டில் இதை மறக்காதீங்க

பெட்ரோல் டேங்க்கில் ஓட்டை விழுந்தால் "காலி டேங்க்தானே" என்று வெல்டிங் வைக்கக் கூடாது. உள்ளே தங்கியிருக்கும் பெட்ரோல் ஆவிதான் வெடிக்கும். நன்றாகக் கழுவி, ஆவி முழுக்கப் போன பிறகு, அனுபவம் உள்ளவரிடம் கொடுப்பதே சரி.

கதவைச் சாத்திக்கொண்டு எஞ்சினை ஓடவிடாதீர்கள். புகையில் உள்ள கார்பன் மோனாக்சைடுக்கு நிறமும் இல்லை, வாசனையும் இல்லை. மயக்கம் வந்த பிறகுதான் தெரியும். காருக்கு அடியில் போவதாக இருந்தால் ஜாக்கியை மட்டும் நம்பாமல் ஸ்டாண்டு கொடுங்கள்.

அப்பா ஓட்டிய வண்டியில் அவரையே பின்னால் உட்கார வைத்து ஒரு ரவுண்டு போவதற்குத்தான் இவ்வளவு பாடு. அந்த ரவுண்டு முதல் செக்கிங்கிலேயே நின்றுவிடாமல் இருக்க, அடுத்த ஞாயிறு ஸ்பேனர் எடுக்கும் முன் பீரோவைத் திறந்து ஆர்.சி.யில் உள்ள தேதியைப் பார்த்துவிடுங்கள்.